'பாதுகாப்பான அளவு' யாருக்குப் பாதுகாப்பானது?

கிணற்று நீரையோ, அரிசியையோ, மரக்கறியையோ ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் பெரும்பாலும் ஒரே வகையான பதில்தான் திரும்பி வருகின்றது. ஆசனிக் இவ்வளவு, கட்மியம் இவ்வளவு, ஈயம் இவ்வளவு. ஒவ்வொன்றும் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு உட்பட்டது. ஆகவே அஞ்சத் தேவையில்லை. அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. ஆனால், இரண்டு கேள்விகள் அங்கு கேட்கப்படாமலே விடப்படுகின்றன. தனித்தனியாக அளக்கப்பட்ட இந்த நச்சுகள் அனைத்தும் ஒரே தட்டுச் சோற்றிலும் ஒரே குவளை நீரிலும் சேர்ந்து உடலுக்குள் செல்லும்போது என்ன நிகழும் என்பது முதலாவது. உண்பவர் ஆணா, பெண்ணா என்பது இரண்டாவது.

இவ்விரு கேள்விகளும் சந்திக்கும் இடம் குடல். சூழல் மாசு பற்றிப் பேசும்போது நாம் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் நினைக்கின்றோமே தவிர, குடலை நினைப்பதில்லை. உணவு சென்று கழிவாகி வெளியேறும் ஒரு குழாய் என்ற அளவிலேயே அது எமது எண்ணத்தில் இடம்பெற்றிருக்கின்றது. உண்மையில் அது ஒரு சோதனைச்சாவடி. எதனை இரத்தத்துக்குள் அனுமதிப்பது, எதனைத் திருப்பி அனுப்புவது என்ற தீர்மானம் அங்குதான் எடுக்கப்படுகின்றது. சோதனைச்சாவடிகளைப் பற்றி எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கு எல்லோருக்கும் ஒரே விதி எழுதப்பட்டிருந்தாலும், ஆளைப் பார்த்தே அது நடைமுறைப்படுத்தப்படும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் நாம். குடலும் அவ்வாறுதான்.

ஜப்பானின் தொயாமா மாவட்டத்தில் நடந்தது இதற்குச் சிறந்த உதாரணமாகும். அங்கு ஓடும் ஜின்சூ ஆற்றின் மேற்பகுதியில், மிட்சுயி நிறுவனத்துக்குச் சொந்தமான கமியோகா சுரங்கத்திலிருந்து துத்தநாகமும் ஈயமும் எடுக்கப்பட்டன. அந்தச் சுரங்கத்தின் கழிவோடு கட்மியம் ஆற்றில் கலந்தது. ஆற்று நீர் வயல்களுக்குப் பாய்ந்தது. வயலிலிருந்து அது நெல்லுக்குச் சென்றது. அந்த அரிசியைப் பல ஆண்டுகள் உண்ட மக்களிடையே விசித்திரமான நோயொன்று தோன்றியது. எலும்புகள் மென்மையாகி, சிறிய அசைவிலும் முறியத் தொடங்கின. சிறுநீரகங்கள் பழுதடைந்தன. வேதனை தாங்காது நோயாளர்கள் எழுப்பிய 'இட்டாய், இட்டாய்', அதாவது 'வலிக்கிறதே, வலிக்கிறதே' என்ற ஓலமே அந்த நோயின் பெயராயிற்று. அப்பகுதியில் பணியாற்றிய வைத்தியர் நொபொரு ஹகினோ சுரங்கத்தின்மீது குற்றஞ்சாட்டியபோது முதலில் அவருக்குக் கிடைத்தது ஏளனம்தான். 1968 ஆம் ஆண்டு மே மாதத்திலேயே ஜப்பானிய அரசாங்கம் இதனைச் சூழல் மாசினால் ஏற்பட்ட நோயென உத்தியோகபூர்வமாக ஏற்றுக்கொண்டது. 1971 இல் மாவட்ட நீதிமன்றத்திலும், மறுவருடம் மேன்முறையீட்டிலும் பாதிக்கப்பட்டவர்களே வெற்றிபெற்றனர். மாசடைந்த வயல்களின் மண்ணை மாற்றும் பணி 2012 இல்தான் நிறைவடைந்தது.

இந்த வரலாற்றில் போதிய கவனம் பெறாத விடயம் ஒன்றுண்டு. உத்தியோகபூர்வமாக அங்கீகரிக்கப்பட்ட ஏறத்தாழ இருநூறு நோயாளர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்களே. அதிலும் நடுத்தர வயதைக் கடந்த, பல பிள்ளைகளைப் பெற்ற பெண்கள். அதே வீட்டில், அதே பானையில் சமைத்த சோற்றை அவர்களுடைய கணவன்மாரும் உண்டார்கள். சிலவேளை கூடுதலாகவே உண்டிருப்பார்கள். அவர்களுடைய சிறுநீரகங்களும் பாதிக்கப்பட்டன. ஆயினும் எலும்பு முறிந்து படுக்கையில் வீழ்ந்தவர்கள் பெண்கள்.

காரணம் ஒன்றல்ல. மாதவிடாய் நின்ற பின்னர் ஈஸ்ட்ரஜன் குறைவதால் எலும்பு தேய்வதும், அடுத்தடுத்த பிரசவங்களாலும் தாய்ப்பாலூட்டலாலும் உடலின் கல்சியம் கரைவதும், விற்றமின் டீ பற்றாக்குறையும் இதில் பங்குகொண்டன. அவற்றோடு குடலின் பங்கும் சேர்கின்றது. அதனைச் சற்று விரிவாக நோக்குவது அவசியம்.

குடற்கலங்களின் மேற்பரப்பில், உணவிலுள்ள இரும்பை உள்ளே கொண்டுசெல்வதற்கென ஒரு காவிப் புரதம் இருக்கின்றது. உடலில் இரும்பின் சேமிப்புக் குறையும்போது, கிடைக்கும் சிறிதளவு இரும்பையேனும் தவறவிடக்கூடாது என்பதற்காகக் குடல் இந்தக் காவிகளை அதிகமாக உற்பத்தி செய்கின்றது. உடலின் இந்த ஏற்பாடு புத்திசாலித்தனமானதே. ஆனால், அந்தக் காவிக்கு ஆளை அடையாளங்காணும் திறன் குறைவு. இரும்புக்காகத் திறக்கப்பட்ட வழியினூடாகக் கட்மியமும் நுழைந்துவிடுகின்றது. 1978 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், உடலில் இரும்புச் சேமிப்புப் போதியளவு உள்ளவர்கள் உணவிலிருந்த கட்மியத்தில் சராசரியாக 2.3 சதவீதத்தை மட்டுமே அகத்துறிஞ்சியதும், சேமிப்புக் குறைந்தவர்கள் 8.9 சதவீதத்தை அகத்துறிஞ்சியதும் கண்டறியப்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனால், ஒரே அளவு நஞ்சை உண்ட இருவரின் இரத்தத்துக்குள் செல்லும் அளவு ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபடலாம் என்பதை அது எடுத்துக்காட்டியது. ஈயமும் மங்கனீசும்கூட இதே காவியைப் பயன்படுத்தக்கூடியவை. ஆகவே, இரும்புக்காக ஏங்கும் குடல் ஒரு நஞ்சுக்கு மட்டுமன்றி, பல நஞ்சுகளுக்கு ஒரே நேரத்தில் கதவைத் திறந்துவிடுகின்றது.

இரும்புக்காக ஏங்கும் குடல் யாருடையது? மாதந்தோறும் இரத்தம் இழப்பவரும், கருவைச் சுமப்பவரும் பெண்ணே. புகைபிடிக்காத ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டால், பெண்களின் உடலிலேயே கட்மியம் கூடுதலாக இருப்பதாக ஸ்வீடனின் மரீ வாட்டர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வந்துள்ளனர். (புகைபிடிக்கும் ஆண்கள் இந்த இடைவெளியைத் தாமாகவே நிரப்பிக்கொள்கின்றனர், புகையிலையிலும் கட்மியம் உண்டு.) உலக சுகாதார நிறுவனத்தின் 2019 ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, தெற்காசியாவில் பிள்ளைப்பேற்று வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் இரத்தச்சோகை உடையவர்கள். இலங்கையின் நிலைமை அதைவிட மேலானது என்பதில் ஆறுதல் கொள்ளலாம். எனினும், மலையகத் தோட்டப் பெண்களின் இரத்தச்சோகை எவ்வளவு பழைய பிரச்சினை என்பதை நாம் அறிவோம். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ அருந்தும் எமது வழக்கமும் இதில் சேர்கின்றது. தேயிலையிலுள்ள தனின், தாவர உணவிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கின்றது. சோறு இயல்பிலேயே இரும்பும் துத்தநாகமும் குறைந்த உணவு. அரிசியில் வரும் கட்மியம், கோதுமையிலோ மரக்கறியிலோ வரும் கட்மியத்தைவிடக் கூடுதல் கவலைக்குரியது என்று சில விஞ்ஞானிகள் வாதிடுவதற்கு இதுவே அடிப்படை.

காவிப் புரதங்களோடு குடலின் கதை முடிந்துவிடுவதில்லை. அங்கு கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. இந்தக் குடியிருப்பாளர்கள் ஆணின் குடலிலும் பெண்ணின் குடலிலும் ஒரே வகையாக இருப்பதில்லை. 2013 இல் ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஆண் சுண்டெலிகளின் குடல் நுண்ணுயிர்களை இளம் பெண் சுண்டெலிகளுக்கு மாற்றியபோது, அவற்றின் உடலில் ஆண் ஓமோனான டெஸ்டஸ்டெரோன் அதிகரித்ததைக் கண்டனர். ஓமோன்கள் நுண்ணுயிர்களை மாற்றுகின்றன. நுண்ணுயிர்கள் ஓமோன்களை மாற்றுகின்றன. ஈரல் கழிவாக்கிப் பித்தத்தோடு அனுப்பும் ஈஸ்ட்ரஜனின் கட்டை, குடல் பக்ரீரியாக்களின் நொதியமொன்று அவிழ்த்து, அதனை மீண்டும் இரத்தத்துக்கே திருப்பி அனுப்புவதும் உண்டு. இவ்வளவு நுட்பமான கொடுக்கல் வாங்கல் நடைபெறும் இடத்தில் கிருமிநாசினியோ உலோகமோ புகுந்தால், இரு பாலாரிடமும் ஒரே விளைவு ஏற்படும் என்று எதிர்பார்ப்பதுதான் வியப்புக்குரியது.

அமெரிக்காவில் குன் லூவின் ஆய்வுக்குழு சுண்டெலிகளில் நடத்திய பரிசோதனைகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. ஆசனிக் கலந்த நீரை அருந்திய ஆண், பெண் சுண்டெலிகளின் குடல் நுண்ணுயிர்கள் வெவ்வேறு வழிகளில் மாறியதாக 2016 இல் அக்குழு அறிவித்தது. மறுவருடம் டயசினோன் என்ற கிருமிநாசினியைப் பரிசோதித்தபோது, ஆண் சுண்டெலிகளின் குடலே கடுமையாகக் குழம்பியிருந்தது. மங்கனீசைக் கொடுத்தபோதும் இரு பாலுக்கும் இடையே வேறுபாடு தென்பட்டது. சுண்டெலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. ஆயினும், ஒவ்வொரு நஞ்சும் ஒவ்வொரு வகையில் பால்பேதம் பாராட்டுகின்றது என்பதையும், எப்போதும் பெண்ணே கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றாள் என்று எண்ணுவது தவறு என்பதையும் இந்த ஆய்வுகள் உணர்த்துகின்றன.

ஆசனிக் விடயத்தில் மனிதரிடமும் இதற்குச் சான்று உண்டு. பங்களாதேஷில் குழாய்க்கிணற்று நீரினால் ஆசனிக் நஞ்சுக்குள்ளான இலட்சக்கணக்கான மக்களிடையே, தோலில் தோன்றும் புண்களும் தடிப்புகளும் ஆண்களிடமே கூடுதலாகக் காணப்பட்டன. ஆசனிக்கை வேதிமாற்றம் செய்து சிறுநீரோடு வெளியேற்றும் திறன், பிள்ளைப்பேற்று வயதிலுள்ள பெண்களின் உடலுக்கு அதிகம் என்பது இதற்குரிய விளக்கங்களில் ஒன்று. இந்தப் பணியில் குடல் நுண்ணுயிர்களும் துணைநிற்கின்றன. அவை இல்லாத சுண்டெலிகள் ஆசனிக்கினால் விரைவில் மடிந்ததை 2018 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆக, கட்மியம் பெண்ணின் குடலில் எளிதாக நுழைகின்றது; ஆசனிக் ஆணின் உடலிலிருந்து எளிதாக வெளியேற மறுக்கின்றது.

இந்த இரண்டு நஞ்சுகளும் ஒரே நெல்மணியில் சேர்ந்திருப்பவை என்பதுதான் சிக்கல். வயலில் நீர் தேங்கி நிற்கும்போது மண்ணில் ஒட்சிசன் குறைந்து ஆசனிக் கரைகின்றது. நெற்பயிர் அதனை உறிஞ்சுகின்றது. அப்போது கட்மியம் மண்ணோடு பிணைந்து கிடக்கும். நீரை வடியவிட்டு வயலைக் காயப்போட்டால் ஆசனிக் அடங்கிவிடும். கட்மியம் விடுபட்டு நெல்லுக்குள் ஏறும். கமக்காரர் வரம்பை வெட்டி நீரை விடுவதும் அடைப்பதும் எந்த நஞ்சு எவ்வளவு சோற்றுக்கு வரும் என்பதைத் தீர்மானிக்கின்றது. தீட்டிய அரிசியில் கட்மியம் கிலோவுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்றும், அசேதன ஆசனிக் 0.2 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்றும் சர்வதேச உணவு நியமங்கள் கூறுகின்றன. இவை இரண்டு தனித்தனிக் கணக்குகள். இரண்டிலும் எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் அரிசி, ஏட்டில் இரண்டு முறை சித்தியடைந்துவிடும்.

சேர்க்கையின் ஆற்றலை எடுத்துக்காட்டிய பிரபலமான பரிசோதனை ஒன்று 2002 இல் இலண்டனில் நடத்தப்பட்டது. ஈஸ்ட்ரஜனைப் போலப் பலவீனமாகச் செயற்படும் எட்டு இரசாயனங்களை, ஒவ்வொன்றும் தனித்திருந்தால் எவ்வித விளைவையும் காட்டாத அளவுக்குக் குறைத்து, ஒன்றாகக் கலந்து மதுவக் கலங்களுக்குக் கொடுத்தார்கள். விளைவு தெளிவாகத் தெரிந்தது. எட்டுப் பூச்சியங்களைக் கூட்டியபோது விடை பூச்சியமாக வரவில்லை. ஏனெனில், அவை உண்மையான பூச்சியங்களாக இருக்கவில்லை. எமது அளவுகோலுக்குத் தென்படாத சிறு எண்களாகவே இருந்தன.

எமது நாட்டுக்கு வருவோம். வடமத்திய மாகாணத்தில் 1990களில் அடையாளங்காணப்பட்டு, பின்னர் வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை ஆகிய மாவட்டங்களிலும் பேசுபொருளாகிவிட்ட, காரணம் தெரியாத சிறுநீரக நோயை அறியாதவர்கள் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வு, நோயாளர்களின் சிறுநீரில் கட்மியம் மற்றையோரைவிடக் கூடுதலாக இருந்ததாகக் கூறியது. அந்த முடிவு எல்லோராலும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. புளோரைட்டு மிகுந்த கடின நீர், கொளுத்தும் வெயிலில் நீரின்றி உழைத்தல், விவசாய இரசாயனங்கள் என்று ஒவ்வொரு தரப்பும் ஒவ்வொன்றை முன்வைக்கின்றது. கிளைபோசேட் களைகொல்லியும் கடின நீரும் உலோகங்களும் இணைந்தே தாக்குகின்றன என்ற கருதுகோள் 2014 இல் முன்வைக்கப்பட்டு, 2015 இல் அக்களைகொல்லி தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டு, 2022 இல் தடை நீக்கப்பட்டதையும் கண்டோம். விஞ்ஞானம் நிறுவவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அரசியல் மட்டும் இரண்டு முறை தீர்ப்பளித்தது.

இந்தக் கூச்சலில் எவருடைய காதிலும் விழாது போன தகவல் அந்த 2013 ஆய்விலேயே இருக்கின்றது. வயதுக்கேற்பச் சீராக்கிய கணக்கின்படி நோய் பெண்களில் 16.9 சதவீதமும் ஆண்களில் 12.9 சதவீதமும் காணப்பட்டது. ஆனால், நோயின் முற்றிய கட்டங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நான்காம் கட்டத்தில் ஆண்கள் 22 சதவீதம், பெண்கள் 7.3 சதவீதம் மட்டுமே. நோய் பெண்களைக் கூடுதலாகத் தொடுகின்றது. ஆண்களைக் கூடுதலாக வீழ்த்துகின்றது. இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நுழைவாயிலில் இரும்புப் பற்றாக்குறையும், பின்னர் வயல்வெளி உழைப்பும் புகையிலையும் மதுவும் வெவ்வேறு பங்கு வகிக்கக்கூடும். இது ஆராயப்பட வேண்டிய கேள்வி. ஆனால், இந்த நோயை ஆண் விவசாயியின் நோயாகவே படம்பிடித்துக் காட்டும் பழக்கம் எம்மிடம் வேரூன்றிவிட்டது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் மற்றொரு வகை. சுண்ணாம்புக்கற் பாறையினூடாக உரமும் மலசலகூடக் குழிகளின் கழிவும் எளிதில் இறங்குவதால், பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பது நீண்டகாலமாக அறியப்பட்டது. வாயிலுள்ள பக்ரீரியாக்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்ற, இரைப்பையில் அது புற்றுநோயைத் தூண்டக்கூடிய சேர்வைகளாக மாறலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2003 இல் வெளியான ஆய்வில், குடிநீர் நைத்திரேற்றுக்கும் பெருங்குடற் புற்றுநோய்க்கும் பொதுவில் தொடர்பு தென்படவில்லை. ஆனால், விற்றமின் சீயைக் குறைவாக உட்கொண்டவர்களிடம் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாக இருந்தது. கிணறு ஒன்றுதான், கறிக்குத் தேசிக்காய் பிழிகின்ற வீடும் பிழியாத வீடும் ஒன்றல்ல. அதே விற்றமின் சீ தாவர உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்கவும் உதவுகின்றது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளலாம்.

இவ்வளவு முக்கியமான வேறுபாடு ஏன் இவ்வளவு காலம் கவனிக்கப்படவில்லை? ஆய்வுகூடங்களில் பெண் விலங்குகள் விரும்பப்படவில்லை. அவற்றின் ஓமோன் சுழற்சி முடிவுகளைக் குழப்பிவிடும் என்பதே சொல்லப்பட்ட நியாயம். 2009 இல் வெளியான ஆய்வுகளைப் பரிசீலித்த இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பத்து உயிரியல் துறைகளில் எட்டில் ஆண் விலங்குகளே மேலோங்கியிருந்ததாக 2011 இல் எழுதினர். பெண் சுண்டெலிகளின் அளவீடுகள் ஆண் சுண்டெலிகளினுடையதைவிடக் கூடுதலாகத் தடுமாறுவதில்லை என்று 2014 இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியபோது அந்த நியாயமும் சரிந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் தனது நிதியில் நடைபெறும் ஆய்வுகள் இரு பாலையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்று 2016 முதல் வலியுறுத்தி வருகின்றது. யாரை அளவுகோலாகக் கொள்கிறோம் என்பது வெறும் தத்துவ விசாரம் அல்ல. கட்மியத்துக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2009 இல் நிர்ணயித்த எல்லை உடல் எடை கிலோ ஒன்றுக்கு வாரத்துக்கு 2.5 மைக்ரோகிராம். அதன் கணக்கீட்டில் ஸ்வீடன் நாட்டுப் பெண்களின் தரவுகள் முக்கிய இடம்பெற்றிருந்தன. மறுவருடம் சர்வதேச நிபுணர் குழு வகுத்த எல்லை மாதத்துக்கு 25 மைக்ரோகிராம். அதாவது ஐரோப்பிய எல்லையின் இரு மடங்கிலும் அதிகம்.

தொயாமாவின் அரிசியோடு எமது அரிசியை ஒப்பிட்டுப் பீதி கிளப்புவது எமது நோக்கமல்ல. நாளையே செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு. நீரையும் அரிசியையும் பரிசோதிக்கும் திணைக்களங்கள் ஒவ்வொரு நஞ்சையும் தனித்தாளில் அறிவிக்காது, ஒரே கிராமத்துக்குரிய எல்லா அளவீடுகளையும் ஒருங்கே வெளியிடலாம். சிறுநீரக நோய்க்கான கள ஆய்வுகளில் ஆண், பெண் கணக்கோடு இரத்தத்தின் இரும்பு அளவையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பெரும் செலவு ஏற்படாது. இரும்பு மாத்திரையைப் பொறுத்தவரை, எமது தாய்சேய் நிலையங்கள் அதனைக் கர்ப்பிணிகளுக்கு ஒழுங்காக வழங்கி வருகின்றன. ஆனால், சிறுநீரகத்தில் படியும் கட்மியம் பாதியாகக் குறைவதற்கே பத்து முதல் முப்பது ஆண்டுகள் எடுக்கும். பதினைந்து வயதில், இரத்தச்சோகையோடு பாடசாலைக்குச் செல்லும் சிறுமியின் குடல் உள்ளே அனுமதித்தது, அவள் முதன்முறையாகக் கிளினிக் வாசலில் வரிசையில் நிற்கும்போதும் அவளோடு இருக்கும்.